‘பட்’டுக்கும் ‘புட்’டுக்கும் காரணம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளிவந்த, ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேலி செய்யும் கட்டுரையைப் படித்தேன். ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘பட்’ என்ற சொல்லிலும், ‘வை’ என்று பொருள்படும் ‘புட்’ என்ற சொல்லிலும் நடுவில் நிற்பது யு என்ற ஒரே எழுத்தாக இருக்க, ஒன்றில் அகரமும் மற்றொன்றில் உகரமும் ஒலிப்பது ஏன் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அதற்கு விடையே இல்லை என்றும், எழுதுவதுபோல் பேசும் தமிழுக்கு முன்னால் அது காரணமற்ற மொழி என்றும், ஆகவே நம் பிள்ளைகள் அதை உருப்போட்டே தீர வேண்டும் என்றும் முடித்திருந்தார். கேலியை நானும் ரசித்தேன். முடிவை ஏற்க இயலவில்லை. வடசென்னையில் ஆங்கில ஆசிரியராகவும், ஆள் பற்றாக்குறையான ஆண்டுகளில் தமிழாசிரியராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அவருடைய வினாவுக்கு விடை உண்டு என்பதையும், அவ்விடையைப் புரிந்துகொள்ளத் தேவையான இலக்கணத்தை நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படிக்கிறார்கள் என்பதையும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

அவர் எடுத்துக்காட்டிய இரண்டு சொற்களிலும் ஒரு காலத்தில் உகரமே ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தின் தென்பகுதிப் பேச்சில் அந்த உகரம் பெரும்பாலான சொற்களில் இதழ் குவியாத ஒலியாக, ஏறத்தாழ நம் அகரமாகத் திரிந்தது. இதழ்களில் பிறக்கும் மெய்யெழுத்தை அடுத்து நின்ற சில சொற்களில் மட்டும் அது திரியாமல் தங்கியது. புட், புல், புஷ், ஃபுல் ஆகியவை அப்படித் தங்கியவை. திரிபு ஒரே சீராக நடக்கவில்லை என்பது உண்மைதான், ஏனெனில் ‘பட்’ என்பதிலும் முதலில் நிற்பது இதழ்மெய்யே. ஆனால் நடந்தது ஒலித்திரிபு. எழுதியவர்களின் கிறுக்குத்தனம் அன்று. வட இங்கிலாந்தை இத்திரிபு எட்டவே இல்லை. லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற நகரங்களின் வட்டார வழக்கில் இரண்டு சொற்களையும் இன்றும் ஒரே உகரத்தோடு கேட்கலாம். அங்குள்ளவரிடம் நம் கட்டுரையாளர் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது.

இதழ்மெய் தன்னை அடுத்த உயிரைக் குவிப்பது சென்னைவாசிகளுக்குப் புதிய செய்தியா என்ன? பெட்டியைப் ‘பொட்டி’ என்கிறோம், பிடி என்பதைப் ‘புடி’ என்கிறோம், வீட்டை ‘வூடு’ என்கிறோம். ப, ம, வ ஆகியவற்றின் பிறப்பில் இதழுக்குப் பங்குண்டு என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லிவிட்டு, ‘பொட்டி’ எப்படி வந்தது என்று கேட்டால், தாமே இதழைக் குவித்துப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுவார்கள். ஆயினும் எழுதும்போது பெட்டி, பிடி, வீடு என்றே எழுதுகிறோம். எழுதுவதுபோலவே பேசுகிறோம் என்ற நம் பெருமிதம், நின்று யோசித்தால், மேடைப் பேச்சுக்கும் செய்தி வாசிப்புக்கும் மட்டுமே பொருந்துகிறது.

கட்டுரையாளர் கேலி செய்த அந்த யு என்ற எழுத்துக்கு நம் சமையலறையோடும் ஓர் உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நம் ‘கறி’யை எழுதியபோது, முதல் எழுத்தான சி என்பதற்குப் பின் ஏ என்ற எழுத்தை இடாமல் யு என்ற எழுத்தை இட்டார்கள். அதற்குள் தென் இங்கிலாந்தில் யு என்றாலே அகர ஒலி என்றாகிவிட்டிருந்தது. பஞ்சாப் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் அதே யு நிற்பது இதனால்தான். உருப்போடச் சொன்னால் பட், கறி, பஞ்சாப் ஆகிய இவை தொடர்பற்ற மூன்று சொற்கள். காரணத்தைச் சொன்னால் ஒரே செய்தி.

அடுத்து, மீன் என்ற சொல்லை ஜி, எச், ஓ, டி, ஐ என்ற ஐந்து எழுத்துகளால் எழுதலாம் என்ற பழைய வேடிக்கையைக் கட்டுரை மீண்டும் சொல்லி, அதை நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவின் கண்டுபிடிப்பு என்றும் குறித்திருந்தது. ‘போதும்’ என்று பொருள்படும் ‘இனஃப்’ என்பதிலிருந்து முதலிரண்டு எழுத்துகளுக்கு ‘ஃப்’ ஒலியையும், ‘விமென்’ என்பதிலிருந்து ஓ என்ற எழுத்துக்கு இகரத்தையும், ‘நேஷன்’ என்பதிலிருந்து கடைசி இரண்டுக்கும் ‘ஷ்’ ஒலியையும் எடுத்து ஒட்டினால் ‘ஃபிஷ்’ வந்துவிடும் என்பது அந்த வேடிக்கை. இது 1855ஆம் ஆண்டின் ஒரு கடிதத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஷா பிறந்தது 1856இல். ஆள் மாறாட்டம் ஒருபுறம் இருக்க, வேடிக்கையே தவறான அடிப்படையில் நிற்கிறது. ஜி, எச் ஆகிய இரண்டும் சேர்ந்து ‘ஃப்’ என்று ஒலிப்பது சொல்லின் பிற்பகுதியில், சில குறிப்பிட்ட உயிரெழுத்துகளை அடுத்து வரும்போதுதான். சொல்லின் முதலில் அவை ஒருபோதும் அப்படி ஒலிப்பதில்லை. டி, ஐ ஆகிய இரண்டும் ‘ஷ்’ ஆவது பின்னால் வேறோர் உயிரெழுத்து வரும்போதுதான். சொல்லின் கடைசியில் அவ்வாறு ஆவதே இல்லை. ஆகவே ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எவரும் அந்த ஐந்து எழுத்துகளை மீன் என்று படிக்க மாட்டார்.

எழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைத் தமிழரைவிட எளிதாக வேறு யார் ஏற்றுக்கொள்ள முடியும்? கல், பங்கு, மகன் ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு அது உறுத்துவதே இல்லை. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் ‘பி’ என்று ஒரே விதமாகத்தான் எழுத முடிகிறது. இக்கடிதத்தில் ‘பட்’ என்று வருமிடத்தில் எது, ‘புட்’ என்று வருமிடத்தில் எது என்பதை வாசகர் என்னைக் கேட்காமலே அறிந்துகொள்வார்.

இடத்தை விட்டால் அடுத்த திறவுகோல் சொல்லின் பிறப்பு. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சி, எச் ஆகிய இரண்டு எழுத்துகள் சேர்ந்து வருமிடத்தில். அவை ஓரிடத்தில் ‘ச்’ என்றும், ஓரிடத்தில் ‘க்’ என்றும், மற்றோரிடத்தில் ‘ஷ்’ என்றும் ஒலிப்பதைக் கண்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலத்துக்குத் தொன்றுதொட்டு உரியவையும், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் முதல் அலையில் வந்து சேர்ந்த பிரெஞ்சுச் சொற்களும் ‘ச்’ ஒலியைப் பெறும். சைல்ட், சர்ச், சீஸ், சேர் ஆகியவை அவ்வகை. கிரேக்கத்திலிருந்து வந்தவை ‘க்’ ஒலியைப் பெறும். கெமிஸ்ட்ரி, கேரக்டர், ஸ்கூல், ஆர்க்கிடெக்ட் என்று அறிவியலும் கல்வியும் சார்ந்த சொற்களாகவே அவை பெரும்பாலும் இருப்பதைக் கவனிக்கலாம். பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்தவை ‘ஷ்’ ஒலியைப் பெறும். மெஷின், ஷெஃப், பிரோஷர். நம்முடைய ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ ஆனதற்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது அகராதிகள் தரும் செய்தி. எழுத்துக்கூட்டலில் சி, எச் நிற்க, ஒலி பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து வந்துவிட்டது. நம் நகரத்தின் பெயரும் அதே இரண்டு எழுத்துகளில் தொடங்குகிறது. அதை வெளிநாட்டவர் சிலர் ‘ஷென்னை’ என்று படிக்கும்போது, அவர்கள் எந்த அடுக்கைச் சேர்ந்த சொல் என்று தவறாக எண்ணிக்கொண்டார்கள் என்பது இதை அறிந்த மாணவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒலிக்காத எழுத்துகள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துப் பரீட்சைக்கு முதல்நாள் ஒப்பிக்கச் சொல்வது நம் வகுப்பறைகளின் நெடுநாளைய வழக்கம். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ ஆகியவற்றின் முதலில் கே என்ற எழுத்து ஏன் நிற்கிறது என்று கேட்டால், அது ஒரு காலத்தில் ஒலித்தது என்பதே விடை. ஜெர்மன் மொழியில் முழங்கால் இன்றும் ‘க்னீ’ தான். கிரேக்கத்திலிருந்து வந்த சைக்காலஜி, நிமோனியா ஆகியவற்றின் முதலில் நிற்கும் பி என்ற எழுத்தும் இவ்வகையே. ஆனால் மூச்சுத்திணறலைக் குறிக்கும் ‘டிஸ்ப்னியா’ என்ற சொல்லில் நடுவில் வரும்போது அதே பி ஒலிக்கிறது. ஹெலிகாப்டர் என்பதிலும் ஒலிக்கிறது. அப்படியானால் ஆங்கிலேயரின் நாவுக்குச் சில மெய்க்கூட்டங்கள் சொல்லின் முதலில் ஆகாது, நடுவில் ஆகும் என்பது தெளிவாகிறது. மொழிமுதல் எழுத்துகள் என்று நன்னூலில் நாம் படித்தது இதைத்தானே! ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா என்பதால் இராமன், இலட்சுமி, உலகம் என்று ஓர் உயிரை முன்னால் சேர்த்தோம். எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அதே உள்ளுணர்வில் ஸ்கூலை ‘இஸ்கூல்’ ஆக்கினார்கள். நாம் ஒலியைக் கூட்டி எழுத்தையும் கூட்டினோம். அவர்கள் ஒலியை விழுங்கிவிட்டு எழுத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். சிக்கல் ஒன்று, தீர்வு இரண்டு.

அப்படி விட்டுவைக்க நேர்ந்ததற்கு அச்சு இயந்திரமும் ஒரு காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியதிலிருந்து எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகத் தொடங்கியது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கில நெட்டுயிர்கள் எல்லாமே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. ‘பெருஞ்சுர மாற்றம்’ என்று தமிழில் சொல்லத்தக்க இதை மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் பெயரிட்டு விளக்கினார். பெயரைக் குறிக்கும் ‘நேம்’ என்ற சொல் அதற்கு முன் ஏறத்தாழ ‘நாமெ’ என்று ஒலித்தது. அதன் நான்கு எழுத்துகளையும் பிசகாமல் படித்தால் வருவதும் அதுதான். வடமொழி ‘நாமம்’ இதற்கு உறவுச்சொல் என்பதை வகுப்பில் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் தூங்கியதில்லை.

எல்லாவற்றுக்கும் நியாயம் கற்பிக்க நான் முயல்வதாக எண்ண வேண்டாம். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் பி என்ற எழுத்து எந்தக் காலத்திலும் ஆங்கிலத்தில் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்கு, அதன் இலத்தீன் மூலத்தில் பி இருந்தது என்று காட்டிக்கொள்ள விரும்பிய படிப்பாளிகள் அதைப் பின்னால் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ நிலைமை இதைவிட மோசம். அது இலத்தீனோடு தொடர்பே இல்லாத பழைய ஆங்கிலச் சொல். அதே பொருளுடைய, இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லில் எஸ் இருப்பதைப் பார்த்து, இதற்குள்ளும் எஸ் ஒன்றைப் புகுத்திவிட்டார்கள். வடமொழிப் புலமை காட்டுவதற்காக நல்ல தமிழ்ச் சொல்லுக்குக் கிரந்த எழுத்தை மாட்டிவிடும் பழக்கம் நம்மிடமும் இருந்ததுண்டு. புலமைச் செருக்கு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

ஒரு, ஓர் என்ற வேறுபாட்டை இன்று தமிழ் நாளிதழ்களே முறையாகப் பேணுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அதை ஒழுங்காகக் கற்ற மாணவருக்கு ஆங்கிலத்தின் ‘அ’, ‘ஆன்’ என்ற இரண்டு முன்சொற்களும் ஐந்து நிமிடப் பாடம். உயிரொலி முன்னால் ‘ஆன்’ வரும், ஓர் ஊர் என்பதுபோல. மெய்யொலி முன்னால் ‘அ’ வரும், ஒரு வீடு என்பதுபோல. பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அன்று. ‘அவர்’ என்று ஒலிக்கும் மணி நேரத்துக்கு முன்னால் ‘ஆன்’ வருவதும், யகர ஒலியில் தொடங்கும் ‘யுனிவர்சிட்டி’க்கு முன்னால் ‘அ’ வருவதும் இதனால்தான். சுவையான செய்தி இதற்கு மேல் ஒன்று உண்டு. சேப்பாக்கம் மைதானத்தில் நாம் பார்க்கும் ‘அம்பயர்’ முற்காலத்தில் ‘நம்பயர்’ போன்ற ஒலியோடு, ‘ந்’ ஒலியில் தொடங்கிய சொல். இரு தரப்புக்கும் இணை அல்லாதவர், அதாவது எத்தரப்பையும் சேராத மூன்றாமவர் என்பது அதன் பழைய பிரெஞ்சு மூலத்தின் பொருள். ‘அ நம்பயர்’ என்பதைக் காதால் கேட்டவர்கள் அதை ‘ஆன் அம்பயர்’ என்று பிரித்துக்கொண்டதால் அந்த ‘ந்’ ஒலி முன்சொல்லோடு போய்விட்டது. ‘பிரித்து எழுதுக’ என்ற வினாவுக்கு ஒரு நாடே தவறான விடை எழுதி, அந்த விடையே அகராதியிலும் ஏறிவிட்டது.

ஒலிக்கு ஏற்ப எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டால் தொல்லை தீருமே என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு யோசனையும் கூறியிருந்தார். அது முயன்று பார்த்த வழிதான். அமெரிக்காவில் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்ற சொல்லிலிருந்து யு என்ற எழுத்தை நீக்கியது நிலைத்தது. நாக்கையும் பெண்களையும் குறிக்கும் சொற்களுக்கு அவர் முன்வைத்த எளிய எழுத்துக்கூட்டல்களை நாட்டினர் ஏற்கவில்லை. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய வடிவில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாடாளுமன்றத்தின் எதிர்ப்பால் அந்த ஆண்டே பின்வாங்க நேர்ந்தது. நம் மாநில அனுபவமும் இதையே காட்டுகிறது. 1935இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றபோது, எழுத்தின் வடிவ மாற்றத்தை ஏற்றதே தவிர, ஐ, ஔ ஆகியவற்றுக்கு மாற்றாக அய், அவ் என்று எழுதும் அவருடைய யோசனையை ஏற்கவில்லை. 2020 ஜூன் மாதம் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியான அரசாணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழும்பூர் இன்றும் பழைய ஆங்கில வடிவத்திலேயே ரயில்வே பலகையில் நிற்கிறது. மேலும், ஒலிக்கு ஏற்ப என்றால் யாருடைய ஒலிக்கு ஏற்ப? மோட்டார் காரின் கடைசியில் நிற்கும் ஆர் என்ற எழுத்தை லண்டன்காரர் ஒலிப்பதில்லை. அமெரிக்கரும் ஸ்காட்லாந்தினரும் ஒலிக்கிறார்கள். நாமும் அழுத்தமாகவே ஒலிக்கிறோம். மாறாத எழுத்துக்கூட்டல் இருப்பதால்தான் அனைவரும் ஒரே நூலைப் படிக்க முடிகிறது.

உருப்போடும் முறையின் தீங்கு வாய்விட்டுப் படிக்கும்போதுதான் வெளிப்படுகிறது. நடந்ததைக் குறிக்கும் இறந்தகால வினையை நம் பிள்ளைகள் ‘வாக்கெட்’ என்கிறார்கள். எழுத்தில் இ, டி என்று இருப்பதால் அப்படியே படிக்கிறார்கள். வினையின் இறுதி ஒலியைப் பொறுத்து அந்த விகுதி மூன்று விதமாக ஒலிக்கும் என்பதையும், எழுத்தில் மட்டும் ஒரே வடிவில் நின்று இது இறந்தகாலம் என்று கண்ணுக்கு அறிவிக்கும் என்பதையும் ஒருமுறை விளக்கினால் போதும். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று வினைக்கேற்ப வேறுபடுவதைப் பகுபத உறுப்பிலக்கணத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் கடினம் ஏதும் இல்லை.

அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், வெல்லும் இந்திய வம்சாவளிச் சிறுவர்களின் நினைவாற்றலை நாம் வியக்கிறோம். 1985இல் பாலு நடராஜன் வென்றதிலிருந்து தொடங்கிய வரிசை அது. 2019இல் ஒன்றாகப் பட்டம் பெற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர். அப்போட்டியில் சொல்லைக் கேட்டவுடன் சிறுவர்கள் நடுவரிடம் அச்சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள்; விதிமுறையும் அதை அனுமதிக்கிறது. வெறும் மனப்பாடமாக இருந்தால் அக்கேள்விக்கு அவசியம் என்ன? 2021இல் ஜைலா அவான்ட்-கார்ட் என்ற சிறுமி ‘முராயா’ என்ற தாவரப் பேரினப் பெயரைச் சரியாகச் சொல்லி வென்றார். நம் கறிவேப்பிலை நெடுங்காலம் அப்பேரினத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. முர்ரே என்ற அறிஞரின் பெயரால் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய பெயர் அது என்பது தெரிந்தால் எழுத்துக்கூட்டல் தானே வந்துவிடும். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் பின்பாதி, தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றிய தாவரவியலாளர் கூனிக் என்பவரை நினைவுகூர்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் உண்டா?

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கிலச் சொற்கள் சில பொருளோடு வெளியிடப்படுகின்றன. பொருளுக்குக் கீழே, அச்சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, அதில் ஒலிக்காத எழுத்து இருந்தால் அது ஏன் நிற்கிறது என்று ஒரே ஒரு வரி சேர்க்க இயலுமா என்று பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். இயன்றால் அந்த வரியை எழுதும் பொறுப்பை ஆங்கில ஆசிரியர் ஒருவரிடமும் தமிழாசிரியர் ஒருவரிடமும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டுகிறேன். பெர்னார்ட் ஷாவைப் பற்றிய தகவலுக்கு ஒரு திருத்தமும் அதே பக்கத்தில் வெளிவந்தால் நன்று.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.